எவ்வளவு சம்பளம் கேட்பது? பேட்டிக்குச் செல்லுமுன் போட வேண்டிய கணக்கு

நிலக்கடலை மூட்டைகளை விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குக் கொண்டு செல்லும் விவசாயி, இரண்டு செய்திகளை அறிந்துகொண்ட பின்னரே வண்டி ஏற்றுகிறார். நேற்று என்ன விலை போயிற்று என்பது ஒன்று. விதைக்கும் உரத்திற்கும் உழவுக்கும் ஆட்கூலிக்கும் தமக்கு என்ன செலவாயிற்று என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அறியாமல் விளைபொருளை விற்கப் புறப்படுபவரை ஊரார் கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அதே விவசாயியின் மகனோ மகளோ வேலை கேட்டுப் பேட்டிக்குச் செல்லும்போது, இவ்விரண்டில் ஒன்றையேனும் அறிந்து செல்வது அரிதாக இருக்கிறது. "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?" என்று அதிகாரி வினவினால், "நீங்கள் பார்த்துக் கொடுப்பதைக் கொடுங்கள், ஐயா" என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. ஒரு மூட்டைக் கடலையை அவ்வாறு விற்க நாம் ஒருப்படுவதில்லை. பல ஆண்டு உழைப்பை மட்டும் விலை பேசாமல் ஒப்படைத்து விடுகிறோம்.

இந்தக் கேள்வி இன்று நம் ஊர்களின் வாயிலுக்கே வந்துவிட்டது. திண்டிவனத்தை அடுத்துச் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்து, அங்கு உணவு பதப்படுத்தும் ஆலைகளுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டாபர் நிறுவனம் அங்கு ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. முதற்கட்ட முதலீடு 135 கோடி ரூபாய். செய்யாறு, ஒரகடம், மறைமலைநகர், புதுச்சேரி ஆகிய இடங்களிலுள்ள ஆலைகளுக்கு நம் பகுதி ஆண்களும் பெண்களும் பேருந்துகளில் சென்று வருகின்றனர். விழுப்புரத்திலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் ரயிலிலும் வேலைக்குச் செல்வோர் பலர். ஆகவே, சம்பளம் கேட்கும் முறையை ஒரு பாடமாகவே கற்றுக்கொள்ளுதல் நமக்கு அவசியமாகின்றது.

வாய் ஏன் எழுவதில்லை?

இதற்கு நம் இளைஞர்களின் கூச்சம் மட்டும் காரணமன்று. கிராமத்தார் அறிந்த வேலைகளில் தனியொருவர் சம்பளம் பேசும் வழக்கமே இருந்ததில்லை. நடவுக்கும் களையெடுப்பிற்கும் உரிய கூலியை ஊர் வழக்கமும் பருவமும் தீர்மானித்தன. அரசுப் பணியிலோ ஊதியம் அட்டவணையில் அச்சிடப்பட்டிருக்கிறது. இளநிலை உதவியாளர் பணிக்குத் தேர்வாணைய அறிவிப்பிலேயே 19,500 ரூபாயில் தொடங்கும் ஊதிய விகிதம் குறிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். அங்கு கேட்பதற்கும் இடமில்லை, குறைப்பதற்கும் இடமில்லை. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டிற்குத் தமிழ்நாட்டிற்கு நாளொன்றுக்கு 336 ரூபாய் என்று விகிதம் அறிவிக்கப்பட்டது. அதுவும் அனைவருக்கும் ஒன்றே.

தனியார் ஆலைகளின் முறை வேறு. அது மாட்டுச் சந்தையில் துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தைப் போன்றது. ஒருவருக்குச் சொன்ன விலை அடுத்தவருக்குத் தெரியாது. அம்மறைவில், விவரம் அறிந்தவருக்கு ஆதாயமும் அறியாதவருக்கு நட்டமும் ஏற்படுகின்றன. கணக்கு அறிதல் ஒன்றே இதற்குப் பரிகாரமாகும்.

முதற் கணக்கு: நமது கீழ் எல்லை

எத்தொகைக்குக் கீழே சென்றால் வேலைக்குப் போவதே நட்டமாகுமோ, அதனைக் கீழ் எல்லை என்று கொள்வோம். இதனை வீட்டில், காகிதத்தில், பெற்றோருடன் அமர்ந்து எழுத வேண்டும். தொழிற்பயிற்சி முடித்த, மணமாகாத ஓர் இளைஞரின் கணக்கைப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் யாவும் கணக்கின் பொருட்டு நாம் இட்டவை. தத்தம் குடும்பச் செலவை வாசகர்கள் இட்டுக்கொள்க.

உணவுக்கும் தங்கலுக்கும் 4,500 ரூபாய், பேருந்துக்கு 800, கல்விக் கடன் தவணை 2,000, வீட்டிற்குக் கொடுப்பது 3,000, உடை, மருத்துவம், தொலைபேசி 1,200, சேமிப்பு 500. ஆக மொத்தம் 12,000 ரூபாய். இது கைக்கு வந்து சேர வேண்டிய தொகை.

குடும்பஸ்தருக்கு இக்கணக்கு விரிவடையும். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு முறை வகுக்கப்பட்டுள்ளது. 1957-ஆம் ஆண்டில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒருவர் உழைப்பில் மூன்று நுகர்வு அலகுகள் வாழ வேண்டும் என்றும், ஓர் அலகுக்கு நாள்தோறும் 2,700 கலோரி உணவும், நால்வர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணியும், வீட்டு வாடகையும் கணக்கிடப்பட வேண்டும் என்றும், எரிபொருள், விளக்கு முதலியவற்றிற்கு மொத்தக் கூலியில் 20 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்றும் கூறியது. பின்னர் 1991-இல், சென்னையிலிருந்த ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா, முதுமைக்கால ஏற்பாடு முதலியவற்றிற்காக மேலும் 25 விழுக்காட்டைச் சேர்க்குமாறு தீர்ப்பளித்தது.

இம்முறையில், உணவுக்கு 9,000, துணிக்கு 600, வாடகைக்கு 2,500 ஆக 12,100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது மொத்தத்தில் 55 விழுக்காடு ஆகும். மீதி 45 விழுக்காட்டையும் சேர்க்க, 22,000 ரூபாய் வருகிறது. நால்வர் குடும்பத்தை ஒருவர் சம்பளத்தில் நடத்துவது எத்துணைக் கடினம் என்பதையும், கல்வியும் வைத்தியமும் கூலியின் பகுதியே என்பதையும் இக்கணக்கு நமக்குக் காட்டுகிறது.

இவை தவிர, சட்டம் விதிக்கும் கீழ் எல்லை ஒன்றும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் இடத்தில், 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தொழில்தோறும் அரசு அறிவிக்கும் அடிப்படை ஊதியத்தையும் பஞ்சப்படியையும் அறிந்து, அதற்குக் குறைந்து எவர் கூறினும் அது சட்டத்திற்கு ஒவ்வாதது என்று தெளிதல் வேண்டும்.

இரண்டாம் கணக்கு: சொல்வது எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு?

சம்பளம் என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு தொகைகளைக் குறிக்கக்கூடும். நிறுவனம் ஒருவருக்காகச் செலவிடும் முழுத்தொகை ஒன்று, இதனை 'சி.டி.சி.' என்று மூன்றெழுத்தில் கூறுவர். பிடித்தங்களுக்கு முந்திய மொத்தச் சம்பளம் இரண்டாவது. கைக்கு வருவது மூன்றாவது. பேசும்போது எதனைப் பேசுகிறோம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளாவிட்டால் பெரும் ஏமாற்றம் நேரும்.

ஓர் எடுத்துக்காட்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியுமாக 15,000 ரூபாய் என்று கொள்வோம். நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குத் தன் பங்காக 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய் செலுத்துகிறது. தொழிலாளர் ஈட்டுறுதிக்கு அதன் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது 488 ரூபாய். ஆண்டு முடிவில் கொடுக்கும் போனசை மாதக் கணக்கில் பிரித்தால் 1,250 ரூபாய். இவற்றையெல்லாம் கூட்டினால் 18,538 ரூபாய். நேர்முகத்தில் சொல்லப்படும் தொகை இதுவாக இருக்கக்கூடும்.

கைக்கு வருவதைப் பார்ப்போம். 15,000 ரூபாயில் தொழிலாளியின் வைப்பு நிதிப் பங்கு 1,800. ஈட்டுறுதிப் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 113 ரூபாய். மிஞ்சுவது 13,087. உணவகத்திற்கும் பேருந்திற்கும் மாதம் 1,100 ரூபாய் பிடிப்பதாகக் கொண்டால், 11,987. சொன்னது பதினெட்டரை ஆயிரம். வீட்டிற்கு வந்தது பன்னிரண்டாயிரத்திற்கும் குறைவு! இதில் வஞ்சனை ஏதுமில்லை. ஆயினும் முன்னரே அறியாதவருக்கு இது வஞ்சனையாகவே தோன்றும்.

அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்களிடம் தொழில் வரியும் பிடிக்கப்படும். ஆலை அமைந்துள்ள ஊராட்சிக்கே சேரும் வரி இது. அரசியலமைப்பின் 276-ஆவது விதி இதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்ச வரம்பு விதித்துள்ளது.

பிடித்தங்களை இழப்பு என்று எண்ணுவதும் தவறு. மேற்கண்ட கணக்கில் இரு பங்குகளும் சேர்ந்து மாதம் 3,600 ரூபாய் தொழிலாளியின் பெயரில் சேருகிறது. அதில் 1,250 ஓய்வூதியத்திற்கும் 2,350 வைப்பு நிதிக்கும் செல்கின்றன. ஈட்டுறுதியால் அவர் குடும்பத்திற்கும் மருத்துவ வசதி கிடைக்கிறது. "பிடித்தமே இல்லை, முழுச் சம்பளமும் கையில் தருகிறோம்" என்று சொல்லும் முதலாளி இவ்விரண்டையும் தராமல் தமக்குச் செலவைக் குறைத்துக்கொள்கிறார் என்பதை நினைவிற் கொள்க.

முன் கணக்கிற்குத் திரும்புவோம். இளைஞருக்குக் கைக்கு 12,000 வேண்டும். வைப்பு நிதியும் ஈட்டுறுதியும் போக நூற்றுக்கு 87 ரூபாய் 25 காசு மிஞ்சுவதால், மொத்தச் சம்பளம் 13,754 ரூபாய் இருத்தல் வேண்டும். முழுமைப்படுத்தி 14,000 என்று கொள்ளலாம். பேட்டியில் பேசும் மொழியில் அவருடைய கீழ் எல்லை இதுவே.

மூன்றாம் கணக்கு: நேரத்தின் விலை

எட்டு மணி நேர வேலை, அரை மணி உணவு இடைவேளை, போக வர மூன்று மணி நேரம் என்று கூட்டினால் பதினொன்றரை மணி நேரம் ஒரு நாளில் செலவாகிறது. மாதம் 26 நாட்களுக்கு 299 மணி. கைக்கு வந்த 11,987 ரூபாயை வகுத்தால், மணிக்குச் சுமார் 40 ரூபாய்.

திண்டிவனத்திலேயே ஒரு வேலையில் எல்லாம் போக 10,500 ரூபாய் கிடைக்கிறது என்றும், போக வர உட்பட ஒன்பது மணி நேரமே ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 234 மணிக்கு வகுத்தால் மணிக்குச் சுமார் 45 ரூபாய். மிஞ்சும் இரண்டரை மணி நேரத்தில் இரண்டு கறவை மாடுகளைப் பராமரித்துச் சங்கத்தில் பால் ஊற்றுபவருக்கு, குறைந்த சம்பளமே நிறைந்த வருமானம் ஆகலாம். கடன் தவணை நெருக்குபவருக்கோ அதிகத் தொகையே தேவைப்படலாம். எதனைத் தேர்வதென்பது அவரவர் நிலைமையைப் பொறுத்தது. கணக்குப் போட்டுத் தேர்வதே நாம் வற்புறுத்துவது.

நான்காம் கணக்கு: சந்தை நிலை

அதே வேலைக்கு, அதே வட்டாரத்தில், அதே தகுதிக்கு மற்றவர்கள் என்ன பெறுகின்றனர் என்பதை அறிய வேண்டும். நம் ஊரிலிருந்து அங்கு சென்று வருபவர்களிடம் கேட்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். தனியார் துறை வேலைகளுக்கென அரசு நடத்தும் இணையதளத்தில் நிறுவனங்கள் குறிப்பிடும் தொகைகளைப் பார்க்கலாம். ஐ.டி.ஐ. பயின்றவர்கள் தமக்கு முந்திய ஆண்டு முடித்தவர்களைக் கேட்பது மிகவும் பயனுள்ளது. குறைந்தது மூவரிடமாவது விசாரித்தல் நலம். ஒருவர் சொல் வீம்பாகவும் இருக்கலாம், குறையாகவும் இருக்கலாம்.

வேறு நாடுகள் இம்மறைவை நீக்கச் சட்டமே செய்துள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2018 முதல், விண்ணப்பிப்பவரிடம் முந்தைய சம்பளத்தை முதலாளி கேட்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய ஊதிய வெளிப்படைத் தன்மை விதியும் முந்தைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுக்கிறது. தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ விண்ணப்பிப்பவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. நாம் விசாரித்து அறியவேண்டியதை அங்கு முதலாளியே சொல்லவேண்டும் என்பது இதன் கருத்து.

கேட்கும் தொகையும் கேட்கும் முறையும்

விசாரித்ததில், 15,000 முதல் 17,000 வரை மொத்தச் சம்பளம் வழக்கில் உள்ளது என்று தெரிந்தால், கீழ் எல்லை 14,000 உடைய நம் இளைஞர் 17,000 கேட்கலாம். 15,500-க்கு மனமார ஒப்பலாம். 14,000-ஐ முதலிலேயே சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஏற வழியில்லை. 30,000 என்று சொன்னால் விவரம் அறியாதவர் என்று எண்ணி விடுவர்.

சொல்லும் முறைக்கு ஓர் உதாரணம்:

"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?"

"ஐயா, இந்தப் பணிக்கு நிறுவனம் என்ன வரம்பு வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாமா?"

"அதை நீங்களே சொல்லுங்கள்."

"இப்பகுதியில் இவ்வேலைக்குப் பதினைந்து முதல் பதினேழாயிரம் வரை கொடுக்கிறார்கள் என்று அறிகிறேன். நான் பொருத்துநர் பயிற்சியில் தேறியிருக்கிறேன். ஆறு மாதம் பட்டறையில் வேலை செய்த சான்றும் இருக்கிறது. ஆகவே மொத்தச் சம்பளமாகப் பதினேழாயிரம் எதிர்பார்க்கிறேன். வேலையைப் பற்றி இன்னும் அறிந்தபின் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், ஐயா."

இவ்விடையில் பணிவு இருக்கிறது, கெஞ்சுதல் இல்லை. "வீட்டில் கடன் இருக்கிறது, தங்கைக்குத் திருமணம் ஆக வேண்டும்" என்று சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தேவையை வீட்டில் பேச வேண்டும். திறமையைப் பேட்டியில் பேச வேண்டும். நம் வறுமையைக் கேட்டுச் சம்பளத்தை உயர்த்துபவர் அரிது. அதனை அறிந்து குறைப்பவர் உண்டு. முன்பு வாங்கிய சம்பளத்தைப் பற்றிப் பொய் சொல்லுதலும் கூடாது. சம்பளச் சீட்டைக் கேட்டால் பொய் வெளிப்பட்டு, சம்பளத்தோடு வேலையும் போய்விடும்.

நிறுவனம் 13,500-க்கு மேல் இயலாது என்றால், உடனே ஒப்பவும் வேண்டாம், எழுந்து வரவும் வேண்டாம். உணவும் பேருந்தும் இலவசமா, ஆறு மாதம் கழித்து உயர்வு உண்டா, மிகை நேர வேலைக்குச் சட்டப்படி இருமடங்குக் கூலி தருகிறார்களா என்று கேட்டு, ஒரு நாள் அவகாசம் பெற்று, மீண்டும் கணக்குப் போடலாம். அனுபவத்தின் பொருட்டுக் குறைந்த சம்பளத்தை ஏற்பதாயின், எத்தனை மாதத்திற்கு என்று மனத்தில் ஒரு எல்லை வகுத்துக்கொண்டே ஏற்க வேண்டும்.

பெண்களும் முன்பணமும்

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பது 1976-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. ஆயினும் நம் வீடுகளிலேயே, "பெண்பிள்ளைக்கு வந்தது லாபம்" என்னும் எண்ணம் இருக்கிறது. அவ்வெண்ணத்துடன் அனுப்பப்படும் மகள் குறைவாகவே கேட்பாள். அவளுடைய கணக்கையும் மகனுடைய கணக்கைப் போலவே எழுதிப் பார்ப்பது பெற்றோர் கடமையாகும்.

முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குச் செல்பவர் சம்பளம் கேட்கும் உரிமையையே அடகு வைக்கிறார். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டிற்கும் இவ்வாறு செல்லும் ஏழைக் குடும்பங்களை நாம் அறிவோம். கடனுக்காக ஒருவரைக் கட்டுப்படுத்தி வேலை வாங்குவது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்ட குற்றம். அத்தகைய செய்தி காதில் விழுந்தால் ஊராட்சி உறுப்பினர் வாளாவிருத்தல் ஆகாது. வருவாய்த் துறையினருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

பேசியது எழுத்தில் வரவேண்டும்

எத்தொகைக்கு ஒப்பினாலும், நியமனக் கடிதம் பெறாமல் வேலையில் சேரலாகாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தொழிலாளர்களுக்கு நியமனக் கடிதம் கொடுப்பதைக் கட்டாயமாக்கியுள்ளன. அக்கடிதத்தில் முதலாளி யார், ஆலையா ஒப்பந்தக்காரரா, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்பன இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். வேலைக்காகப் பணம் கேட்பவரிடமும், மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ள முயல்பவரிடமும் எச்சரிக்கை தேவை.

ஊராட்சி செய்யக்கூடியவை

முதலாவதாக, மே மாதம் முதல் நாள் தொழிலாளர் தினக் கிராம சபையில் இப்பொருளை விவாதிக்கலாம். வெளியில் வேலைக்குச் சென்று வருபவர்கள் பிடித்தங்கள், மிகை நேரம் பற்றித் தம் அனுபவத்தைச் சொல்லுவது பத்துத் துண்டுப் பிரசுரங்களினும் பயன் தரும்.

இரண்டாவதாக, விற்பனைக் கூடத்தில் விலைப்பலகை இருப்பதுபோல, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு சம்பளப் பலகை வைக்கலாம். ஆட்களின் பெயர் வேண்டா. வேலை, ஊர், மொத்தச் சம்பளம், கைக்கு வருவது, பயண நேரம் என்னும் ஐந்து கட்டங்கள் போதும். மாதம் ஒரு முறை திருத்தி எழுதினால், துண்டின் மறைவில் இருந்த விலை வெளிச்சத்திற்கு வரும்.

மூன்றாவதாக, நூலகத்திலோ மகளிர் குழுக் கட்டடத்திலோ பேட்டிப் பயிற்சி நடத்தலாம். ஊரிலுள்ள ஆசிரியர் ஒருவர் அதிகாரியாக அமர்ந்து கேள்வி கேட்க, இளைஞர் விடை சொல்லட்டும். ஒரு தொகையைத் தடுமாறாமல் வாய்விட்டுச் சொல்ல மூன்று முறை பழகினால் போதும்.

திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் கண்ட டி.எம்.வி. கடலை ரகங்களை நம் விவசாயிகள் நன்கு அறிவர். நல்ல விதையை நட்டு, நாள் பார்த்துப் பிடுங்கி, விலை கேட்டு விற்கும் திறமை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அத்திறமையைத் தம் மக்களின் உழைப்பிற்கும் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை வீட்டில் ஒருவர் பேட்டிக்குப் புறப்படுமுன், ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்: இதற்குக் கீழே இல்லை, இது ஊர் நிலை, இது நான் கேட்பது.